மாட்டுப் படிப்பும் படிப்புதான்

“ஒழுங்காப் படி, இல்லேன்னா மாடு மேய்க்கத்தான் போவே!” இந்த வசவை வாங்காமல் தோட்டத்தில் வளர்ந்தவர் யார்? நாமும் வாங்கினோம். பிறகு நம் பிள்ளைகளுக்கும் தவறாமல் கொடுத்தோம்.

அண்மையில் மலாக்காவில் ஜாசின் பக்கம் ஒரு தோட்டத்திற்குப் போயிருந்தோம். லயத்துக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகை, நான்கு கறவை. அந்த வீட்டுப் பெண் ஐந்தாம் படிவம், அறிவியல் பிரிவு. மேலே என்னம்மா படிக்கப் போறே என்று கேட்டோம். “மாட்டு இனவிருத்தி” என்றாள். தகப்பனார் முகம் கறுத்துவிட்டது.

“பாருங்க சார், பெரட்டுக்கு முன்ன எழுந்து பால் கறந்து, வேலை முடிஞ்சு வந்து புல் அறுத்துப் போட்டு இவளைப் படிக்க வச்சேன். படிச்சிட்டு மறுபடியும் மாட்டுக்கிட்டயே போறேங்கிறாளே!”

அவருடைய ஆதங்கம் நமக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அந்தப் பெண் சொன்னது மேய்க்கிற வேலை அன்று. எந்தப் பசுவுக்கு எந்தக் காளையைச் சேர்த்தால் எப்படிப்பட்ட கன்று பிறக்கும் என்று கணக்குப் போடுகிற படிப்பு. மரபியல் என்பது அதன் பெயர். “இதோட ஆத்தா நல்லாக் கறந்தவ, இதுவும் கறக்கும்” என்று நம் பாட்டிமார் சொன்னார்களே, அதுவும் இந்தக் கணக்குத்தான். அவர்கள் மனத்தில் வைத்திருந்தார்கள். எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

நம் முன்னோரோடு இந்தியாவிலிருந்து வந்த மாடுகள் பலவகை. இங்கே ரப்பர் மரத்தடியில் மேய்ந்து, ஒன்றோடொன்று கலந்து, திமிலும் தொங்கும் தாடியுமாகப் புதிய வகையாகிவிட்டன. அரசாங்க ஏடுகளில் அதற்கு ‘லோக்கல் இந்தியன் டெய்ரி’, சுருக்கமாக ‘எல்.ஐ.டி.’ என்று பெயர். பால் குறைவு. ஆனால் வெயிலைத் தாங்கும்; உண்ணிக்கு அஞ்சாது; கிடைத்ததைத் தின்று கன்று போடும். நம் பால்காரர்கள் சைக்கிளில் கொண்டுபோய் ஊற்றியது இந்த மாட்டின் பாலைத்தான்.

ஹாலந்து நாட்டு ஃபிரீசியன் மாடு வேறு ரகம். சொந்த ஊரில் நாளைக்கு 20 லிட்டருக்கு மேலும் கறக்கும். இங்கே கொண்டுவந்து கட்டினால் மூச்சு வாங்கும், உண்ணிக் காய்ச்சலில் படுக்கும். ஆகவே 1970களில் ஃபிரீசியனும் சாகிவாலும் கலந்த மாடுகளை அரசாங்கம் ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் தருவித்தது. சாகிவால் பஞ்சாப் மாடு. திமில் உள்ளது, வெயில் தாங்குவது. ஜோகூர் குளுவாங்கில் அந்தக் கலப்பிலிருந்து பொறுக்கிப் பொறுக்கிப் பெருக்கியதுதான் ‘மாஃப்ரிவால்’. மலேசியா, ஃபிரீசியன், சாகிவால் மூன்றும் அந்தப் பெயரில் அடக்கம்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. நாட்டு மாட்டுக்குச் சீமைக் காளையின் ஊசி போட்டால் முதல் கன்று பிரமாதமாக வரும். உடனே நமக்கு ஆசை வந்துவிடும். அந்தக் கிடேரிக்கும் சீமை ஊசி, அதன் கிடேரிக்கும் சீமை ஊசி! சீமை ரத்தம் ஏற ஏற, வெயில் தாங்கும் குணம் இறங்கும். பிறகு வைத்தியச் செலவு பால் காசைத் தின்றுவிடும். ஊசியே வேண்டாம் என்று கொட்டகைக் காளையை விட்டால், அது தன் மகளையே சேர்ந்து கன்று நோஞ்சானாகிறது. எங்கே நிறுத்துவது, எதை மாற்றுவது என்று சொல்லப் படித்த ஆள் வேண்டும்.

காளைகளைத் தேர்வது இன்னும் கஷ்டம். காளை பால் கறக்காது! அதன் மகள்கள் கறப்பதைப் பார்த்துத்தான் மதிப்புப் போட வேண்டும். ஊசி போட்டு, ஒன்பது மாதம் கழித்துக் கன்று பிறந்து, அது வளர்ந்து தானும் கன்று போட்டுக் கறக்கும்வரை காத்திருந்தால் ஐந்தாறு வருஷம் ஓடிவிடும். மாட்டின் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்து 2009-ல் வெளியிட்டார்கள். இப்போது பிறந்த கன்றின் முடியையோ காதுச் சதையையோ சோதித்தே ஓரளவு மதிப்பிட்டு விடுகிறார்கள். ஆனால் குளிர்நாட்டு மாடுகளின் கணக்கு நம் வெயிலுக்கு அப்படியே பொருந்தாது. நம் கொட்டகைகளில் எது எவ்வளவு கறந்தது, எப்போது சினை பிடித்தது என்ற குறிப்பு வேண்டும். அதை எழுத, மாட்டையும் தெரிந்த ஆள் வேண்டும். கணக்கையும் தெரிந்த ஆள் வேண்டும்.

ஜமைக்கா என்று ஒரு தீவு. அதுவும் தோட்டத் தொழிலாளர் வாழ்ந்த பூமிதான், கரும்புத் தோட்டம். அங்கே சிறு விவசாயி வீட்டில் 1904-ல் பிறந்தவர் தாமஸ் லெக்கி. சீமை மாடுகள் அந்த வெயிலில் வாடுவதைக் கண்டு, ஏழை விவசாயிக்கு ஏற்ற மாடு வேண்டும் என்று உழைத்தார். எடின்பரோவில் டாக்டர் பட்டம் பெற்றார். ஜெர்சியோடு நம் சாகிவால் ரத்தமும் சேர்ந்த ‘ஜமைக்கா ஹோப்’ 1952-ல் தனி இனமாக ஏற்கப்பட்டது. 1994-ல் அவர் காலமானார். மாட்டுக்காகப் படித்த அந்த மனிதரை ஜமைக்கா இன்றும் கொண்டாடுகிறது.

இதையெல்லாம் சொன்னபோது தகப்பனார் குறுக்கிட்டார்: “எங்க சார் படிக்கிறது? தூரமா?”

குளுவாங்கில் மலேசிய கால்நடைக் கழகம் இருக்கிறது, எஸ்.பி.எம். முடித்தவர்கள் அங்கே டிப்ளோமா படிக்கலாம். பட்டப் படிப்பென்றால் செர்டாங் புத்ரா பல்கலைக்கழகத்தில் கால்நடை அறிவியலும் உண்டு, மாட்டு டாக்டர் படிப்பும் உண்டு. பட்டத்துக்குப் பிறகுதான் மரபியலில் தனித் தேர்ச்சி. கால்நடை இலாகா, ‘மார்டி’ ஆராய்ச்சிக் கழகம், தனியார் கோழி நிறுவனங்கள் என்று வேலை தேடலாம். வேலை கையில் வைத்துக்கொண்டு யாரும் காத்திருக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னோம். கணிதத்தையும் உயிரியலையும் கைவிடக் கூடாது. சேர்க்கைத் தகுதி மாறிக்கொண்டே இருக்கும். முடிவு வரும் முன்பே நேரில் விசாரித்துவிட வேண்டும்.

அந்தப் பெண் உள்ளே போய் ஒரு பள்ளி நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்தாள். காலண்டரில் அப்பா கிறுக்கி வைத்த தேதிகளை எல்லாம் பார்த்து எழுதியிருக்கிறாள். செவலை, மூன்றாம் ஈத்து, கிடேரி. மயிலை, தலைச்சன் ஈத்து, காளைக்கன்று. தாய்ப் பசுவின் பெயர் எல்லாவற்றுக்கும் இருந்தது. ‘தகப்பன்’ என்ற கட்டம் மட்டும் வரிசையாகக் காலி.

“ஊசி போடுற குழாய்லயே காளையோட நம்பர் அச்சடிச்சிருக்கும் சார். நாங்கதான் தூக்கிப் போட்டுடறோம்” என்றாள்.

தகப்பனார் ஒன்றும் பேசவில்லை. சற்று நேரம் கழித்து எழுந்தார். “போன வாரம் செவலைக்குப் போட்டாங்களே, அந்தக் குழாய் கொட்டாய்க்குப் பின்னாலதான் கிடக்கும்” என்று சொல்லிவிட்டு டார்ச்லைட்டை எடுத்துக்கொண்டு போனார்.