லோடு லாரியா, பார்சல் லாரியா?

சென்ற மாட்டுப் பொங்கலன்று காலையில் ஒரு வாலிபன் நம் வீட்டு வாசலில் வந்து நின்றான். நம்மிடம் பத்தாம் வகுப்பு வரையில் படித்தவன். கணக்கிலே சுமார், பூகோளத்திலே மட்டும் சூரன். தேசப்படத்தில் நதிகளைக் குறிக்கச் சொன்னால், நதிகளோடு நில்லாமல் நெடுஞ்சாலைகளையும் குறித்து வைப்பான். அவனுடைய தகப்பனார் இருபத்தாறு வருஷம் லோடு லாரி ஓட்டியவர் என்பது பிற்பாடுதான் நமக்குத் தெரிந்தது.

இப்போது பையனுக்கு வயது இருபத்து மூன்று. கனரக வாகன லைசென்ஸ் கையில் இருக்கிறது. இரண்டு இடங்களில் வேலை தயாராயிருக்கிறதாம். ஒன்று, ஊர்க்காரர் ஒருவருடைய பத்துச் சக்கர லோடு லாரி. மற்றொன்று, சேலத்தில் கிளை உள்ள ஒரு பார்சல் கம்பெனி. "எதில் சேரட்டும், சார்?" என்று கேட்டான்.

பின்னால் நின்ற அவனுடைய தாயார், "எந்த வேலையானாலும் சரிங்க ஐயா, வாரத்திலே ஒரு தரமாவது வீட்டுச் சோறு தின்கிற வேலையாப் பார்த்துச் சொல்லுங்க" என்றாள்.

சைக்கிளுக்கு மேல் எந்த வாகனத்தையும் ஓட்டியறியாத நம்மிடம் இந்தக் கேள்வி வந்தது விநோதந்தான். பாங்குப் பரீட்சை, ஆசிரியர் பயிற்சி என்று கேட்டால் நொடியில் பதில் சொல்லியிருப்போம். லாரி உத்தியோகம் என்றால் நம் போன்ற குடும்பங்களில் முகம் சுளிப்பதே வழக்கம். நாம் உண்ணும் அரிசியும், உடுக்கும் துணியும், எழுதும் காகிதமும் யாரோ ஒருவர் தூக்கம் விழித்து ஓட்டி வந்தவை என்பதை யார் நினைக்கிறோம்? ஒரு வாரம் தவணை கேட்டுக் கொண்டு விசாரிக்கப் புறப்பட்டோம்.

விசாரிப்பதற்கு நாமக்கல்லை விடச் சிறந்த இடம் கிடையாது. லாரிகளுக்குக் கூண்டு கட்டும் பட்டறைகளுக்கும், சமையல் வாயு ஏற்றும் டாங்கர் லாரிகளுக்கும் தேசமெங்கும் பெயர் பெற்ற ஊர் அது. ஸ்ரீநகரிலிருந்து கன்யாகுமரி வரையில் செல்லும் 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலை அந்த வழியாகத்தான் போகிறது.

முதலில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸுக்குப் போனோம். லோடு லாரி என்பது ஒரே சரக்கை, ஒரே வியாபாரிக்காக, வண்டி நிறைய ஏற்றிச் செல்வது. சிமெண்டு, இரும்பு, நெல், பருத்தி, எதுவானாலும் சரி. புக்கிங் ஆபீஸ்காரர் சரக்கையும் வண்டியையும் சேர்த்து வைத்துக் கமிஷன் பெறுகிறார். இறக்குமிடத்தில் இறக்கி விட்டால் வேலை முடிந்தது என்று நாம் நினைத்திருந்தோம். அங்கேதான் வேலையின் பாதி ஆரம்பமாகிறது என்று தெரிந்தது. திரும்பி வரச் சரக்குக் கிடைக்க வேண்டும். இரண்டு நாளிலும் கிடைக்கலாம். ஒரு வாரமும் ஆகலாம். அதுவரையில் டிரைவர் வண்டியடியில் அடுப்பு மூட்டிச் சமைத்துச் சாப்பிட்டுக் கொண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

சம்பள முறையும் ஒரே சீராக இல்லை. சில வண்டிகளில் வாடகையில் ஒரு பங்கு. சிலவற்றில் ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு. சிலவற்றில் மாதச் சம்பளமும் நாள் படியும். சரக்கு மும்முரமாக ஓடும் மாதங்களில் லோடு லாரி டிரைவர் கையில் பார்சல் லாரிக்காரரை விட அதிகப் பணம் புரளும் என்று அங்கிருந்தவர்கள் எல்லோரும் ஒரு முகமாகச் சொன்னார்கள். மழைக்காலத்தைப் பற்றிக் கேட்டபோது மட்டும் சிரித்தார்கள்.

அதிக பாரம் என்ற தொல்லையும் இந்தப் பக்கத்தில்தான் அதிகம். 2018-ல் மத்திய சர்க்கார் அச்சுப் பளுவின் வரம்பை உயர்த்தியது. 25 டன் மொத்த எடை அனுமதிக்கப்பட்ட மூன்று அச்சு லாரிக்கு அது முதல் 28.5 டன் வரை அனுமதி. அதற்கு மேலும் ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். 2019-ம் வருஷத்துத் திருத்தச் சட்டப்படி அபராதம் 20,000 ரூபாய். மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். பணம் முதலாளியுடையதாயிருக்கலாம், அதிகாரி முன்னால் கைகட்டி நிற்பவன் டிரைவர்தான். தர்மபுரியிலிருந்து சேலம் வரும் வழியில் தொப்பூர்க் கணவாய் இறக்கத்தில் அந்த மிகைப் பாரம் பிரேக்கின் மேல் உட்காரும் போது அவன் பக்கத்தில் யாரும் இருப்பதில்லை. டீசலை மிச்சம் பிடிப்பதற்காகச் சிலர் அவ்விறக்கத்தில் கியரை நியூட்ரலில் தள்ளி விட்டு இறங்குகிறார்களாம். சில ரூபாய் லாபத்துக்காக உயிரைப் பணயம் வைக்கும் இந்த வழக்கத்தைக் கேட்டதும் நம் வயிற்றைக் கலக்கியது. பையனை அன்று மாலையே கூப்பிட்டு, "எந்த வண்டி ஓட்டினாலும் இதை மட்டும் செய்யாதே" என்று சத்தியம் வாங்கிக் கொண்டோம்.

மறுநாள் சாயங்காலம் சேலத்தில் ஒரு பார்சல் கிடங்கு. அங்கே உலகமே வேறு. ஈரோட்டுத் துணிப் பொதி, திருப்பூர் பனியன் பெட்டி, சிவகாசிக் காலண்டர்க் கட்டு, ஜவ்வரிசி மூட்டை, யாரோ ஒருவர் மகளுக்கு அனுப்பும் தையல் இயந்திரம். நூறு பேருடைய சரக்கு ஒரே வண்டியில் ஏறுகிறது. ஒவ்வொன்றுக்கும் தனி ரசீது. ஊர் ஊராகப் பிரித்துச் சுமைகாரர்கள் அடுக்குகிறார்கள். டிரைவர் அதில் கை வைப்பதில்லை. பகலெல்லாம் தூங்கி எழுந்து, கதவு பூட்டிய பிறகு வந்து உட்காருகிறார். இரவு ஒன்பது மணிக்குக் கிளம்பினால் விடியற்காலையில் சென்னை. தூரம் சுமார் 340 கிலோமீட்டர். திரும்புவதற்குச் சரக்குத் தேடி அலைய வேண்டியதில்லை. அது அங்கே தயாராக இருக்கும்.

எவ்வளவு சௌகரியம் என்று தோன்றுகிறதல்லவா? ஆனால் வேலை முழுவதும் இராத்திரியிலே. பின்னிரவு இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரையில் மனித உடம்பு எதிராளி போல் சண்டை போடும் என்றார் ஒரு முதிய டிரைவர். வண்டி எங்கே நிற்கிறது, எத்தனை நிமிஷம் நிற்கிறது என்பதைக் கம்பெனியில் உட்கார்ந்தபடியே பார்க்கிறார்கள். தாமதமானால் கேள்வி. ஓர் உருப்படி குறைந்தால் சில இடங்களில் டிரைவர் சம்பளத்தில் பிடித்தம். பூட்டிய கதவுக்குள் என்ன இருந்தது என்று அறியாத மனிதனிடம் அதற்குப் பணம் பிடிப்பது எந்த நியாயம் என்று நமக்கு விளங்கவில்லை.

இது நிற்க. வண்டியையும் வழியையும் விட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. விசாரித்த பிறகே அதன் கனம் நமக்குப் புலப்பட்டது. லாரித் தொழிலாளருக்கு நாளைக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி நேரமே வேலை என்று 1961-லேயே சட்டம் செய்தார்கள். ஆனால் ஐந்து பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் முதலாளிகளை அந்தச் சட்டம் தொடவில்லை. ஒன்றிரண்டு வண்டி வைத்திருப்பவரிடம் வேலை பார்த்தவனுக்கு அது காகிதத்து வெல்லந்தான். பிறகு அச்சட்டம் 2020-ம் வருஷத்துத் தொகுப்புச் சட்டத்தில் அடங்கி, அத்தொகுப்பு 2025 நவம்பரில் அமுலுக்கு வந்தது. சேமநிதியும் அப்படியே: இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஸ்தாபனத்துக்குத்தான் கட்டாயம். லோடு லாரிகளில் பெரும்பகுதி சிறு முதலாளிகளுடையவை. பெரிய பார்சல் கம்பெனி சட்டத்துக்குள் வருகிறது.

பையனுடைய தகப்பனாரே இதற்குச் சாட்சி. அஸ்ஸாம் வரையில் போய் வந்தவர். ஐம்பத்திரண்டாவது வயதில் முதுகெலும்பு தேய்ந்து உட்கார்ந்து விட்டார். முதலாளி நல்லவர், ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்தார். அவ்வளவுதான், இருபத்தாறு வருஷ உழைப்புக்குச் சேமநிதி என்று ஒரு காசு இல்லை.

அந்த மனிதர் பார்சல் வேலையைத்தான் சிபாரிசு செய்வார் என்று எண்ணிப் போனோம். அவரோ, "பார்சல் வண்டி ஓட்டுகிறவன் கடைசி வரைக்கும் டிரைவர்தானுங்க. லோடு வண்டியில் போனால்தான் சரக்குப் பழக்கமும் ஆள் பழக்கமும் வரும், ஒரு நாள் சொந்த வண்டி வாங்கலாம்" என்றார். கிளீனராகச் சேர்ந்து, டிரைவராகி, முதலாளியாக உயர்ந்தவர்கள் அந்த ஜில்லாவில் அநேகர். அவர் சொன்னது வெறுங் கனவல்ல. ஆனால் 2020 ஏப்ரலில் புதிய புகை விதிகள் வந்ததிலிருந்து லாரியின் விலையே ஏறி விட்டது. தவணை, இன்ஷூரன்ஸ், பர்மிட், டயர்! திரும்பும் சரக்குக்காக வண்டி நிற்கும் நாட்களிலும் தவணை நிற்பதில்லை. "நீங்கள் ஏன் வாங்கவில்லை?" என்று கேட்க வாயெடுத்து அடக்கிக் கொண்டோம். அவருடைய பார்வை பையன் மேல் இருந்தது.

பார்சல் கம்பெனி என்றால் எல்லாம் பத்திரம் என்றும் எண்ணி விடலாகாது. ஹூப்ளியைத் தலைமையிடமாகக் கொண்ட வி.ஆர்.எல். கம்பெனி 1976-ல் ஒரே லாரியுடன் தொடங்கி, சொந்த வண்டிகளைக் கொண்டே பெரிதாக வளர்ந்தது. மற்றும் பல கம்பெனிகள் சிறு முதலாளிகளின் வண்டிகளை ஒப்பந்தத்துக்கு எடுத்து ஓட்டுகின்றன. வண்டியின் நெற்றியில் கம்பெனியின் பெயர் பளபளக்கும். சம்பளம் கொடுப்பவர் வேறொருவர். அந்த டிரைவருக்குப் பார்சல் லாரியின் கெடுபிடியும் உண்டு, லோடு லாரியின் அநாதைத்தனமும் உண்டு.

அமெரிக்காவிலும் இதே கேள்வி உண்டு. 2023 கோடையில் யூ.பி.எஸ். என்ற பார்சல் கம்பெனியின் தொழிலாளர்கள் நல்ல சம்பள ஒப்பந்தம் பெற்றார்கள். அதே ஜூலை மாத இறுதியில், பல வியாபாரிகளின் சில்லறைச் சரக்கை ஏற்றி வந்த எல்லோ என்ற பழைய லாரிக் கம்பெனி கதவை மூடியது. சுமார் 30,000 பேர் வேலையிழந்தார்கள். இரு கம்பெனிகளிலும் இருந்தது ஒரே சங்கம். ஆனால் 2025-ல் யூ.பி.எஸ்ஸும் 20,000 வேலைகளைக் குறைக்கப் போவதாக அறிவித்தது.

தவணை முடிந்ததும் பையனிடம் நம் அபிப்பிராயத்தைச் சொன்னோம். பார்சல் கம்பெனியில் சேர். ஆனால் நியமனக் கடிதத்தில் யாருடைய பெயர் இருக்கிறது என்று முதலில் பார். சேமநிதி எண் உண்டா, சரக்குக் குறைந்தால் பிடித்தம் உண்டா, வாரத்தில் எந்த நாள் ஓய்வு, இரண்டாவது டிரைவர் உண்டா, இவற்றையெல்லாம் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேள். ஒப்பந்த வண்டி என்று சொன்னால், ஊர்க்காரர் லோடு லாரியே மேல். அங்கே கூலியாவது கூடுதல்.

பையன் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக் கொண்டான். வகுப்பில் ஒரு நாளும் அவன் அப்படி எழுதி நாம் பார்த்ததில்லை. கம்பெனியின் நேரடி நியமனம் கிடைத்தது. பிடித்தத்தைப் பற்றிய கேள்விக்கு மட்டும் மானேஜர் நேரான பதில் சொல்லவில்லையாம். ஆயினும் சேர்ந்து விட்டான்.

இப்போது சேலத்துக்கும் சென்னைக்குமாக ஓட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமை வீட்டுச் சாப்பாடு. தகப்பனார் இரண்டு வாரம் அவனோடு சரியாகப் பேசவில்லை. சென்ற சனிக்கிழமை யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிச் சேலத்துக்குப் போய், கிடங்கு வாசலில் நின்ற மகனுடைய வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பத்து டயரையும் தட்டிப் பார்த்து விட்டு வந்தாராம்.