சர்க்கரை அளவு 126-ம் 7-ம் ஒன்றுதான்… எப்படி?

லண்டனில் மகன் வீட்டுக்குப் போன அம்மா அங்கே ரத்தப் பரிசோதனை செய்துகொள்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் சர்க்கரை அளவு 7 என்று ரிப்போர்ட் வருகிறது.

"ஊர்ல பார்த்தப்போ 126 இருந்துச்சேப்பா! இப்ப 7-னா மாத்திரையை நிறுத்திடலாமா?"

கூடாது. சர்க்கரை கொஞ்சமும் குறையவில்லை. மாறியது அலகு மட்டும்தான்.

ஏன் இரண்டு எண்கள்?

வாழைப்பழத்தைக் கிலோ கணக்கிலும் வாங்கலாம், டஜன் கணக்கிலும் வாங்கலாம். ரத்தச் சர்க்கரையும் அப்படித்தான். இந்திய ஆய்வகங்கள் ஒரு டெசிலிட்டரில், அதாவது 100 மில்லிலிட்டரில், எத்தனை மில்லிகிராம் குளுக்கோஸ் என்று எடையைச் சொல்கின்றன. பிரிட்டனில் ஒரு லிட்டரில் எத்தனை மில்லிமோல் என்று எண்ணிக்கையைச் சொல்கிறார்கள். டஜன் என்றால் 12. மோல் என்றால் 6.022 × 10²³ மூலக்கூறுகள்.

எடையும் எண்ணிக்கையும் தெரிந்தால், ஒரு டஜன் பழத்தின் எடையைச் சொல்லிவிடலாம். அதேபோல ஒரு மோலின் எடையையும் சொல்லலாம். அதுதான் மோலார் நிறை.

கணக்கு இதுதான்

டெசிலிட்டருக்கு 126 மில்லிகிராம் என்றால், லிட்டருக்கு 1,260. அதே லிட்டரில் 7 மில்லிமோல். 1,260 ÷ 7 = 180. ஆக, ஒரு மோல் குளுக்கோஸ் 180 கிராம்.

சரிபார்க்கலாமா? குளுக்கோஸில் 6 கார்பன் (72), 12 ஹைட்ரஜன் (12), 6 ஆக்சிஜன் (96). கூட்டினால் 180.

எந்தக் கரைசலுக்கும் வழி இதுவே: லிட்டருக்கு எத்தனை கிராம் என்பதை, லிட்டருக்கு எத்தனை மோல் என்பதால் வகுக்க வேண்டும். ஆனால் விடையை மட்டும் வைத்து அது என்ன சேர்மம் என்று சொல்லிவிட முடியாது. பழச் சர்க்கரையான ஃப்ரக்டோஸுக்கும் 180-தான்.

எல்லாவற்றையும் 18-ஆல் வகுக்கலாமா?

குளுக்கோஸுக்கு மட்டும்தான் 18. கொலஸ்ட்ராலின் மோலார் நிறை சுமார் 387 என்பதால், அதை 38.7-ஆல் வகுக்க வேண்டும். இங்கே 200 என்பது அங்கே சுமார் 5.2. கிரியேட்டினின் அங்கே மைக்ரோமோலில் வரும். 88 என்று பார்த்து, "ஐயோ, கிட்னி போச்சே" என்று பதற வேண்டாம். அது இங்குள்ள 1-க்குச் சமம்.

வெறும் வயிற்றில் 7 என்பது நீரிழிவு நோயைக் குறிக்கும் எல்லைக்கோடு. அதைக் குறைவு என்று நினைத்து மாத்திரையை விட்டால் ஆபத்து. எண்ணைப் பார்க்கும் முன், பக்கத்தில் இருக்கும் அலகைப் பாருங்கள்.