ஜெயிலுக்கா, ஆஸ்பத்திரிக்கா?

போதையும் சட்டமும் – 6

"தம்பி, இவன ஜெயிலுக்கு அனுப்பாம ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லி ஜட்ஜய்யாகிட்ட கேக்க முடியாதா?"

மாஜிஸ்திரேட் கோர்ட் வராண்டாவில், என்னை வக்கீல் குமாஸ்தா என்று நினைத்து அந்த அம்மா கேட்டார். மடியில் ஒரு பிரட் பாக்கெட், மடித்த சட்டை ஒன்று. மகனை ரிமாண்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். இருபத்தோரு வயது. அவனிடம் பிடிபட்டது பிரவுன் சுகர், அதாவது கலப்பட ஹெராயின் பொட்டலம்; ஒரு கிராம்கூட இல்லை. ஓயாமல் கொட்டாவி விட்டபடி மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான். அந்தக் கொளுத்தும் வெயிலிலும் கையில் மயிர் சிலிர்த்து நின்றது.

"நேத்து ராத்திரியிலேர்ந்து சளி, காய்ச்சல் வரும்போல" என்றார் அம்மா.

அது சளி இல்லை. ஹெராயினுக்குப் பழகிய உடம்புக்கு அது கிடைக்காமல் போனால், எட்டுப் பத்து மணி நேரத்திலேயே இப்படி ஆரம்பித்துவிடும். இரண்டாம், மூன்றாம் நாளில் கைகால் குடைச்சல், வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை என்று உச்சத்துக்குப் போகும்.

அந்த அம்மாவின் கேள்விக்கு அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

போதைப்பொருள்களுக்கு எதிரான என்.டி.பி.எஸ். சட்டம் 1985 நவம்பர் 14 அன்று அமலுக்கு வந்த கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். கடுமையே மருந்து என்று நம்பி எழுதப்பட்ட சட்டம் அது. 2001-ல் வந்த திருத்தம்தான் பிடிபட்ட அளவைப் பார்த்துத் தண்டனையைப் பிரித்தது. ஹெராயின் என்றால் 5 கிராம் வரை சிறிய அளவு. 250 கிராமுக்கு மேல் வணிக அளவு. கஞ்சாவுக்கு 1 கிலோ, 20 கிலோ. சிறிய அளவு ஹெராயினுக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வணிக அளவுக்கு 10 முதல் 20 ஆண்டு சிறை, குறைந்தது ஒரு லட்சம் ரூபாய் அபராதம்.

தெருவில் விற்கும் பிரவுன் சுகரில் கலப்படம் அதிகம். அதில் ஹெராயின் எவ்வளவு என்று பிரித்து எடை பார்க்க வேண்டும் என 2008-ல் சொன்னது உச்ச நீதிமன்றம். 2020-ல் ஹீரா சிங் வழக்கில் அதை மாற்றி, கலந்திருக்கும் தூள் மொத்தத்தின் எடையே கணக்கு என்று தீர்ப்பளித்தது. கலப்படம் செய்தவன் எங்கோ இருக்க, அந்தத் தூளின் எடையும் வாங்கியவன் கணக்கில் ஏறுகிறது.

இதே சட்டத்துக்குள்தான் 64ஏ என்றொரு பிரிவு இருக்கிறது. போதைக்கு அடிமையானவர், உட்கொண்டதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்டு, தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை எடுத்துக்கொண்டால் அவர்மீது வழக்கு நடத்தக் கூடாது. சிகிச்சையைப் பாதியில் விட்டுவிட்டால் அந்தப் பாதுகாப்பு ரத்தாகலாம். பிரிவு 39 இன்னொரு வழி. குற்றம் நிரூபணமான பிறகும், அவரது வயதையும் உடல், மன நிலையையும் பார்த்து, அவர் சம்மதித்தால், சிறைக்குப் பதிலாகச் சிகிச்சைக்கு அனுப்பலாம்.

ஆக, அந்த அம்மா கருணை கேட்கவில்லை. சட்டத்தில் எழுதியிருப்பதைத்தான் கேட்டார். அது சட்டத்தில் இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. மகனுக்காகப் பேசிய வக்கீல் ஜாமீன் கேட்டார். 64ஏ அவர் வாயில் வரவே இல்லை. பையன் பதினைந்து நாள் ரிமாண்டில் போனான். பிரட் பாக்கெட்டை வேன் ஜன்னல் வழியாகத்தான் கொடுக்க முடிந்தது.

இதை நான் விடாமல் எழுதக் காரணம் உண்டு. சில வாரம் ஹெராயின் இல்லாமல் இருந்தால் உடம்பு அதைத் தாங்கும் சக்தியை இழந்துவிடும். சிறையிலிருந்து வெளியே வருபவர் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். விடுதலையான முதல் சில வாரங்களே உயிருக்கு மிக ஆபத்தானவை என்பது மருத்துவம் நன்கறிந்த உண்மை. ஆனால் நாக்குக்கு அடியில் வைக்கும் புப்ரெனார்ஃபின் மாத்திரை குடைச்சலை அடக்கும், தேட்டத்தைத் தணிக்கும். தினமும் மையத்துக்கு வந்து மாத்திரை வாங்குபவர் மெல்ல வேலைக்கும் போகத் தொடங்குவார். சிறைக் கதவுக்கு அந்த வேலை தெரியாது.

கடத்துபவர்களைச் சட்டம் விடக் கூடாது. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. நான் கேட்பது சிறியது. ரிமாண்டுக்கு வரும் ஒவ்வொருவரிடமும், "நீங்கள் சிகிச்சைக்குச் சம்மதித்தால் சட்டத்தில் வழி உண்டு" என்று அவருக்குப் புரியும் தமிழில் சொல்ல வேண்டும். போதையால் பாதிக்கப்பட்டவர்களுக்காகவே தேசிய சட்டப் பணிகள் ஆணையம் 2015-ல் ஒரு திட்டம் வகுத்திருக்கிறது. இலவச சட்ட உதவி வக்கீல்கள் இதைச் சொன்னாலே போதும்.

வாசகர்களில் யாருக்காவது இன்று இது தேவைப்படலாம். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, கட்டணம் கிடையாது. சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தில் போதை மீட்புச் சிகிச்சை உண்டு. உங்கள் ஊர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும் கேளுங்கள். வழக்கு இருந்தால், வக்கீலிடம் "64ஏ" என்று எண்ணைச் சொல்லியே கேளுங்கள்.

அடுத்த வாரம்: மீட்பு மையம் என்று பலகை மாட்டிக்கொண்டு, உள்ளே சங்கிலியும் பிரம்பும் வைத்திருக்கும் இடங்களைப் பற்றி 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் என்ன சொல்கிறது?

(தொடரும்)