உங்களுக்குத் தெரியுமா? போலீஸ் கையில் டேசர்

✦ மின்சாரம் பாய்ச்சி ஆளை வீழ்த்தும் டேசரை உருவாக்கியவர் ஜாக் கவர். நாசாவின் அப்பல்லோ திட்டத்தில் வேலை பார்த்த இயற்பியலாளர். அவரது முதல் மாடல் வெடிமருந்தால் இயங்கியதால், அமெரிக்க அரசு அதைத் துப்பாக்கிக் கணக்கில் சேர்த்துவிட்டது. 1993-ல் அரிசோனாவைச் சேர்ந்த ஸ்மித் சகோதரர்கள் அவரோடு கைகோத்து, வெடிமருந்துக்குப் பதில் அழுத்தப்பட்ட நைட்ரஜனை வைத்தார்கள். துப்பாக்கிச் சட்டம் விலகிக்கொண்டது, பின்னாளில் விற்பனை சூடுபிடித்தது.

✦ 50,000 வோல்ட் என்று சொல்லி மிரட்டுவார்கள். அது காற்றையும் சட்டைத் துணியையும் தாண்டுவதற்கான அழுத்தம். எக்ஸ்26 மாடலில் உடம்புக்குள் போவது சுமார் 1,200 வோல்ட்தான். மெல்லிய கம்பியோடு பறந்து வரும் இரண்டு முட்களும் தள்ளித்தள்ளிக் குத்தினால், நொடிக்குச் சுமார் 19 துடிப்பு வீதம் தசைகள் இறுகிப்போகும். அருகருகே குத்தினால் வலி மட்டுமே. ஆள் நின்றுகொண்டிருப்பார், இன்னும் ஆவேசமாக.

✦ தசை இறுகியவரால் கையை ஊன்ற முடியாது. தலை நேராகத் தரையில் மோதக்கூடும். ஆஸ்திரேலியாவின் கூமா நகர முதியோர் இல்லத்தில், 2023 மே மாதம், ஒரு போலீஸ்காரர் டேசரால் சுட்டது 95 வயது மூதாட்டியை. ஊன்றி நடக்கும் வாக்கரோடு இருந்தார், கையில் சிறு கத்தி. விழுந்து தலையில் அடிபட்டவர் ஒரு வாரத்தில் இறந்தார். கைத்துப்பாக்கி மட்டும் இருந்திருந்தால் அவரை நோக்கி யாராவது அதை நீட்டியிருப்பார்களா? ‘உயிருக்கு ஆபத்தில்லை’ என்ற நம்பிக்கைதான் விரலை அவசரப்படுத்துகிறது.

✦ விசையை ஒருமுறை இழுத்தால் 5 நொடி. ஆனால் பல மாடல்களில் விரலை எடுக்காமல் அழுத்தியே வைத்திருந்தால் மின்சாரம் நிற்காது. ஆஸ்டன் வில்லா அணியின் முன்னாள் கால்பந்து வீரர் டேலியன் அட்கின்சன்மீது 2016-ல் இங்கிலாந்தின் டெல்ஃபோர்டில் அது 33 நொடி பாய்ந்தது. பிறகு தலையில் பூட்ஸ் காலால் உதை. அவர் இறந்தார். 2021-ல் அவரைச் சுட்டு உதைத்த காவலருக்கு 8 ஆண்டு சிறை.

✦ டேசரைச் சுட்டுவிட்டு மறைப்பது சுலபமல்ல. பல மாடல்களில் கார்ட்ரிட்ஜ் சுடப்படும்போது வரிசை எண் அச்சிட்ட பொடிப்பொடிக் காகிதத் துண்டுகள் தரையெங்கும் சிதறும். விசை எப்போது இழுக்கப்பட்டது, எவ்வளவு நேரம் என்பதும் கருவிக்குள்ளேயே பதிவாகும்.

✦ மார்புக்குக் குறிவைக்க வேண்டாம் என்று தயாரிப்பு நிறுவனமே 2009-ல் அறிவுறுத்தியது.

✦ 2007 அக்டோபர், கனடாவின் வான்கூவர் விமான நிலையம். அம்மாவோடு வாழப் போலந்திலிருந்து வந்தவர், ஆங்கிலம் தெரியாது. உள்ளே மணிக்கணக்கில் தவித்திருக்கிறார். கையில் இருந்தது ஒரு ஸ்டேப்ளர். நான்கு போலீஸார் வந்த அரை நிமிடத்துக்குள் டேசர் பாய்ந்தது. மொத்தம் ஐந்து முறை. அங்கேயே இறந்தார். நியாயமே இல்லாத தாக்குதல் என்று விசாரணை ஆணையம் 2010-ல் சொன்னது. ஆணையத்திடம் பொய் சாட்சி சொன்னதற்காக அந்த நால்வரில் இருவர் பின்னர் சிறைத்தண்டனை பெற்றார்கள்.