வகுப்பில் அடங்காத பிள்ளை

பள்ளியிலிருந்து புகார் வந்த பிறகே பெற்றோர் பலரும் பிள்ளையை எங்களிடம் அழைத்து வருகின்றனர். அடிக்கிறான், புத்தகத்தைக் கிழிக்கிறான், சொன்னால் கேட்பதில்லை என்ற பட்டியலுடன், வளர்ப்பில் குறை வைத்துவிட்டோமோ என்ற ஐயத்தையும் சுமந்து வருகின்றனர். அந்த ஐயத்தை முதலில் இறக்கி வைக்குமாறு வேண்டுகிறோம்.

பிள்ளைகள் துயரத்தைச் சொல்லிக் காட்டுவது அரிது. பெரியவருக்கு மனச்சோர்வு வந்தால் முகம் வாடுகிறது; பிள்ளைக்கோ எரிச்சலும் சினமும் மிகலாம். காலையில் பள்ளிக்குப் புறப்படும் வேளையில் மட்டும் வயிற்றுவலி வரலாம். விட்டுப்போன படுக்கை நனைக்கும் வழக்கம் திரும்பலாம்.

நம் மாவட்டம் இதை நன்கறியும். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை குளச்சலையும் கொட்டில்பாட்டையும் மணக்குடியையும் சூறையாடியது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வீசியபோது, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குச் சென்றிருந்த பலர் கரை திரும்பவில்லை. உடலே கிடைக்காத வீட்டில், அப்பா வருவாரா என்ற கேள்விக்கு விடை சொல்ல யாருக்கும் துணிவிருப்பதில்லை. அத்தகைய பிள்ளை காற்றும் மழையும் கூடும் நாளில் வகுப்பில் இருப்புக்கொள்ளாமல் தவித்தால், அதற்குக் குறும்பு என்று பெயரிடலாகாது.

புயல்தான் வரவேண்டும் என்பதில்லை. இவ்விதழைப் படிக்கும் உங்களில் சிலர் டயாலிசிஸுக்கோ புற்றுநோய் சிகிச்சைக்கோ மாதக்கணக்கில் வந்து போகிறீர்கள். வீட்டிலுள்ள பிள்ளையிடம் "ஒன்றுமில்லை" என்று சொல்லி மறைக்கிறீர்கள். பிள்ளைக்கு ஏதோ தெரியும். தெரியாத பாதியை அச்சம் நிரப்பிக்கொள்ளும். வயதுக்கேற்ற எளிய சொற்களில் உண்மையைச் சொல்லுங்கள். வகுப்பாசிரியரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். இதை வெட்கமாகக் கருதிப் பலர் தவிர்க்கின்றனர். காரணம் அறியாத ஆசிரியர் தண்டிப்பதோடு நின்றுவிட நேர்கிறது.

மனத்தை ஆராயுமுன் உடலையும் பார்க்கிறோம். காது சரியாகக் கேளாத பிள்ளையும், கரும்பலகை மங்கலாகத் தெரியும் பிள்ளையும் கவனமற்றவர்களாகவே தோன்றுவர். சில நொடிகள் வெறித்துப் பார்த்து மீளும் ஒருவகை வலிப்பைப் பகற்கனவென்று கருதுவோரும் உண்டு. எழுத்துகளைக் கூட்டிப் படிக்க இயலாத கற்றல் குறைபாடு, படிக்கச் சொல்லும்போதெல்லாம் சண்டையாக வெளிப்படலாம். அக்குறைபாடு மருத்துவச் சான்றால் உறுதியானால், பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளைப் பெற வழியுண்டு.

பள்ளியிடம் பெரிதாக எதையும் கேட்க வேண்டியதில்லை. முன்வரிசையில் இடம், பாடத்தைச் சிறு பகுதிகளாகத் தருதல், பதற்றம் மிகும்போது சற்று வெளியே சென்று தண்ணீர் குடித்துவர இசைவு, பிள்ளை நம்பிப் பேசக்கூடிய ஓர் ஆசிரியர். இவை போதும் பல நேரங்களில். பிரம்பு உதவாது என்பது எங்கள் அனுபவம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், உடல்சார்ந்த தண்டனையையும் மனத்துன்பம் இழைத்தலையும் தடை செய்துள்ளது.

இம்மாற்றங்கள் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் காத்திருக்க வேண்டாம். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். 14416 என்ற எண்ணில் தொலைபேசி வழியாக மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது. சாக வேண்டும் என்று பிள்ளை ஒருமுறை சொன்னாலும் அன்றே அழைத்து வாருங்கள். வரும்போது பள்ளி நோட்டுப் புத்தகங்கள் இரண்டைக் கையோடு கொண்டுவந்தால் எங்களுக்குப் பெரிதும் உதவும்.