இளங்குதிரையும் சேணமும்

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு

"குதிரையின் குணம் அறிந்தே ஆண்டவன் அதற்குக் கொம்பு கொடுக்கவில்லை" என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். அதைக் கேட்கும்போது குதிரை ஏதோ பொல்லாத விலங்கு என்றே தோன்றும். நாங்களும் அவ்வாறுதான் எண்ணியிருந்தோம். சென்ற ஆண்டு ஓர் இளங்குதிரைக்குச் சேணம் பழக்குவதை முதலிலிருந்து முடிவு வரை அருகில் நின்று கண்ட பிறகு அந்த எண்ணம் மாறிவிட்டது. குதிரைக்குக் கொம்பு இல்லை என்பது உண்மையே. அதற்குப் பதிலாக ஓடுவதற்கு நான்கு கால்களும், எதைக் கண்டாலும் திடுக்கிடும் நெஞ்சும் அதற்கு வாய்த்திருக்கின்றன. அந்த அச்சத்தைப் போக்குவது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள்.

எங்கள் ஊர் கொடைக்கானல். இங்குள்ள ஏரியைச் சுற்றி ஏறத்தாழ 5 கிலோமீட்டர் சாலை உண்டு. கோடை விடுமுறைக்கு வருவோர் அதில் குதிரைச் சவாரி செய்வதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தாத்தா அங்கே குதிரை வைத்துப் பிழைப்பவர். அவரிடம் வயதான பெண் குதிரை ஒன்றும், அது ஈன்ற குட்டி ஒன்றும் இருந்தன. குட்டியின் பெயர் ராணி. செந்நிற உடம்பு, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. ராணிக்கு மூன்று வயது முடிந்ததும், ஜனவரி மாதத்தில் தாத்தா சேணம் பழக்கத் தொடங்கினார். பள்ளி விட்டு வரும் வழியில்தான் அவரது கொட்டகை இருந்தது. நாங்கள் நால்வர் நாள்தோறும் வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம்.

சேணத்தைக் கண்டு அஞ்சுவதேன்?

குதிரை புல் மேயும் விலங்கு. காட்டிலும் வெட்டவெளியிலும் பிற விலங்குகளுக்கு இரையாகி வந்த இனம். அதன் கண்கள் தலையின் இருபுறமும் அமைந்திருக்கின்றன. ஆகவே ஏறத்தாழ 350 பாகை அளவு சுற்றிலும் அதனால் பார்க்க முடியும். ஆனால் நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் உள்ளவை அதற்குத் தெரியா. குதிரையின் பின்னால் போய் நிற்கக் கூடாது என்று பெரியவர்கள் எச்சரிப்பதற்குக் காரணம் இதுவே.

புலியோ சிங்கமோ குதிரையைப் பிடித்தால் முதுகின் மேல்தான் பாயும். எனவே முதுகில் எது விழுந்தாலும் உதறிவிட்டு ஓடு என்பது அதன் இரத்தத்தில் ஊறிய பாடம். சேணமோ முதுகில் ஏறி அமர்வதோடு நில்லாமல் வயிற்றையும் வாரால் இறுக்குகிறது. அதை முதன்முறை அணியும் குட்டி துள்ளுவது திமிரால் அன்று, உயிர் மேல் உள்ள ஆசையால்.

சேணத்தின் அமைப்பு

குதிரைக்காரர்கள் சேணத்தை ஜீனி என்றும் வழங்குவர். அதன் உள்ளே மரத்தாலோ வேறு உறுதியான பொருளாலோ செய்த சட்டம் உண்டு. மேலே தோல், அடியில் மெத்தை. சட்டத்தின் நடுவே நீளவாக்கில் ஒரு பள்ளம் விட்டிருப்பர். ஏறுபவரின் பாரம் முதுகெலும்பின் மேல் விழாமல், அதன் இருபுறமுள்ள தசைகளில் பரவ வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. சேணத்தைப் பிடித்து நிறுத்துவது வயிற்று வார். கால் வைக்கும் வளையங்களுக்கு அங்கவடி என்று பெயர். எல்லாம் சேர்த்து 6 முதல் 10 கிலோ வரை எடை வரும்.

பழங்காலத்தில் இவை எல்லாம் இருந்ததில்லை. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் கிரேக்க நாட்டில் வாழ்ந்த செனபோன் என்பவர் குதிரையேற்றம் பற்றி ஒரு நூல் எழுதினார். அக்காலக் கிரேக்கர் வெறும் முதுகிலோ துணி விரித்தோதான் சவாரி செய்தனர். இன்று நாம் காணும் அங்கவடியைச் சீனர்கள் கி.பி. 4ஆம் நூற்றாண்டில் பயன்படுத்தியதற்குச் சான்றுகள் உள்ளன. கருவிகள் மாறினாலும் செனபோன் வற்புறுத்திய அறிவுரை மட்டும் மாறவில்லை. குட்டி மனிதரை நேசிக்குமாறு முதலில் செய்ய வேண்டும் என்றும், அச்சுறுத்திச் செய்விக்கும் காரியம் அழகாக அமையாது என்றும் அவர் கூறினார்.

எப்போது தொடங்கலாம்?

இது மிக முக்கியமான கேள்வி. குதிரை உயரமாக வளர்ந்துவிட்டால் அதன் எலும்புகளும் முதிர்ந்துவிட்டன என்று நாம் எண்ணிவிடுகிறோம். அது தவறு. கால் எலும்புகள் முன்னதாகவே முதிர்ந்துவிடும். முதுகெலும்பின் வளர்ச்சி முற்றுப்பெற ஐந்து அல்லது ஆறு வயதுகூட ஆகும். எனவே மூன்று வயதில் சேணத்தைப் பழக்கலாம். ஆனால் பெரும் பாரத்தை ஏற்றலாகாது.

வளர்ந்த குதிரைக்குக்கூடச் சேணமும் ஆளும் சேர்ந்து அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் கணக்கு. 250 கிலோ எடையுள்ள மட்டக்குதிரைக்கு 50 கிலோதான் எல்லை. சேணம் 8 கிலோ என்றால் ஏறுபவருக்கு மிஞ்சுவது 42 கிலோ. ஏரிக்கரையில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பவர் எத்தனை பேர்?

படிப்படியாகப் பழக்குதல்

தாத்தா முதல் பத்து நாள் சேணத்தை வெளியிலேயே எடுக்கவில்லை. கையால் கழுத்து, தோள், முதுகு, வயிறு எனத் தடவிக் கொடுத்தார். ராணி தோலைச் சிலிர்த்தால் கையை உடனே எடுக்க மாட்டார், அழுத்தவும் மாட்டார். அது அமைதியாகும் வரை கை அங்கேயே இருக்கும். அமைதியானதும் எடுத்துவிடுவார். "பயந்தபோது கையை எடுத்தால் பயப்படுவதைக் கற்றுக்கொள்ளும். அடங்கியபோது எடுத்தால் அடக்கத்தைக் கற்றுக்கொள்ளும்" என்று அவர் விளக்கினார். எங்களுக்கு இது வியப்பாக இருந்தது.

அடுத்தது துணி. பழைய போர்வை ஒன்றை நான்காக மடித்து, முதலில் ராணியை முகர்ந்து பார்க்க விட்டார். பிறகு தோளில் தேய்த்து, மெல்ல முதுகில் ஏற்றி இறக்கினார். இதை இடப்புறம் செய்தால் வலப்புறமும் செய்ய வேண்டும். ஒரு கண்ணால் பார்த்துப் பழகியதை மறு கண்ணால் பார்க்கும்போது குதிரை புதிதாக அஞ்சுவது உண்டு என்பது அவர் அனுபவம்.

மூன்றாவது படி வயிற்று வார். சேணம் இல்லாமல் அகலமான பட்டை ஒன்றை மட்டும் போர்வையின் மேல் கட்டினார். முதல் நாள் விரல் நான்கு நுழையும் அளவு தளர்ச்சி. நாளுக்கு நாள் சிறிது சிறிதாக இறுக்கம். அதோடு கொட்டகையைச் சுற்றி நடத்திச் சென்றார். ஒவ்வொரு முறையும் கொள்ளு ஒரு பிடி.

நான்காவதாகத்தான் சேணம். அங்கவடிகளைக் கழற்றிவிட்டார். அவை தொங்கினால் விலாவில் இடித்துக் கலவரப்படுத்தும் அன்றோ! முதலில் சேணத்தைத் தரையில் வைத்து ராணியை முகரச் செய்தார். பின்பு ஓசையின்றி முதுகில் வைத்து, பிடரி முடியும் மேட்டை அது அழுத்தவில்லை என்று விரல் விட்டுப் பார்த்தார். அந்த இடத்தில் உராய்ந்தால் புண் உண்டாகும். புண்பட்ட குதிரை சேணத்தைக் கண்டாலே கடிக்க வரும்.

எங்களால் நேர்ந்த தவறு

இந்த நான்காம் படியில்தான் எங்களால் ஒரு தவறு நேர்ந்தது. பிப்ரவரி இறுதியில் ஒரு மாலை. சேணம் ராணியின் முதுகில் இருந்தது. வார் இன்னும் முழுதும் இறுகவில்லை. திடீரென்று தூறல் விழுந்தது. வேலியோரம் நின்ற எங்களில் ஒருத்தி சட்டென்று குடையை விரித்தாள். அந்தச் சத்தத்தில் ராணி ஒரே துள்ளாகத் துள்ளியது. தளர்ந்த வாரோடு சேணம் வயிற்றுக்கு அடியில் புரண்டுவிட்டது. அதை உதைத்து உதைத்து ஓடி, வேலியில் மோதி நின்றது. முன்னங்காலில் தோல் கிழிந்து இரத்தம் வழிந்தது.

நாங்கள் அழுதேவிட்டோம். தாத்தா எங்களைத் திட்டவில்லை. ராணி நடுங்கி முடியும் வரை பக்கத்தில் நின்று, மெதுவாக வாரை அறுத்துச் சேணத்தை எடுத்தார். பிறகு, "உங்கள் மேல் குற்றமில்லை, பிள்ளைகளா. குடையைக் காட்டுவதற்கு முன் சேணத்தைக் காட்டிவிட்டேன். கொடைக்கானலில் குடை இல்லாத நாள் உண்டா?" என்றார்.

அதன் பின் ராணி சேணத்தைக் கண்டாலே பின்வாங்கியது. ஆறு வாரத்தில் கற்றது ஒரு நிமிடத்தில் போயிற்று. தோழியின் சித்தப்பா, "சீசன் வருகிறது. காலைக் கட்டிச் சேணத்தைப் போட்டு இரண்டு நாள் விட்டால் தானாக அடங்கும்" என்றார். அவர் கவலையிலும் நியாயம் உண்டு. ஏப்ரல், மே இரண்டு மாத வருவாயில்தான் அவர்கள் வீட்டில் ஆண்டு முழுதும் அடுப்பு எரிய வேண்டும். கிழக் குதிரை ஒன்றால் எவ்வளவு சம்பாதிக்க முடியும்? ஆனால் தாத்தா இணங்கவில்லை. "அடங்குவது வேறு, நம்புவது வேறு. அடங்கின குதிரை என்றைக்காவது ஒரு குழந்தையைக் கீழே போடும்" என்று சொல்லிவிட்டு, மறுநாள் மீண்டும் வெறுங்கையால் முதற்படியிலிருந்து தொடங்கினார்.

எங்களுக்கும் வேலை கொடுத்தார். நாள்தோறும் மாலையில் தொலைவில் நின்று குடையை மெல்ல விரித்து மடக்க வேண்டும். ராணி தலையைத் தாழ்த்தி, வாயை அசை போடுவது போல் அசைத்தால் அமைதியடைந்தது என்று பொருள். அதன் பிறகே ஓரடி நெருங்கலாம். காதுகள் பின்னால் ஒட்டிக்கொண்டாலோ, கண்ணின் வெள்ளை தெரிந்தாலோ இரண்டடி விலக வேண்டும். முப்பது அடி தூரத்தைக் கடக்க எங்களுக்கு மூன்று வாரத்துக்கு மேல் ஆயிற்று!

சீசன் வந்தது, போயிற்று. ராணி ஒரு ரூபாய்கூடச் சம்பாதிக்கவில்லை. ஜூன் மாதம் எங்கள் தோழி பழைய காலணியோடும் அக்காளின் சீருடையோடும் பள்ளிக்கு வந்தாள். எங்கள் குடை அல்லவா இதற்குக் காரணம் என்று எங்களுக்கு வெட்கமாக இருந்தது. அவளோ ஒரு சொல்லும் சொல்லவில்லை.

முதுகில் முதல் ஆள்

ஜூலையில் ராணி சேணத்தோடு அமைதியாக நடந்தது. அங்கவடிகளையும் தாத்தா மாட்டிவிட்டார். இங்கே ஒரு நுட்பம் உண்டு. வாரை இறுக்கும்போது சில குதிரைகள் வயிற்றை உப்பிக்கொள்ளும். சிறிது தூரம் நடத்திவிட்டு மறுபடி இறுக்க வேண்டும். இல்லையேல் ஏறும்போது சேணம் சுழலும்.

பின்பு எங்கள் தோழி, தலைக்கவசம் அணிந்து, சேணத்தின் குறுக்கே வயிற்றால் சாய்ந்தாள். ஒரு நொடியில் இறங்கினாள். அடுத்த நாள் இரண்டு நொடி. எட்டாம் நாள் காலைத் தூக்கிப் போட்டு அமர்ந்தாள். தாத்தா கயிற்றைப் பிடித்தபடி பத்து அடி நடத்தினார். ராணி ஒரு முறை திரும்பி அவள் முழங்காலை முகர்ந்து பார்த்துவிட்டு நடந்தது.

ஆங்கிலேய எழுத்தாளர் அன்னா சூவெல் 1877இல் வெளியிட்ட 'பிளாக் பியூட்டி' என்ற கதையை உங்களில் சிலர் படித்திருப்பீர்கள். அதில் குதிரையே தன் கதையைச் சொல்கிறது. அதன் எசமானர் கடிவாளத்தையும் சேணத்தையும் தானியம் கொடுத்தும் தட்டிக் கொடுத்தும் நாள்தோறும் பழக்குவார். அந்தப் பகுதியை நாங்கள் ஆறாம் வகுப்பில் வெறும் கதையாகப் படித்தோம். கொட்டகை வாசலில்தான் அதன் பொருள் விளங்கிற்று.

முடிவுரை

அக்டோபர் மாத விடுமுறையில் ராணியின் முதல் சவாரி. ஏறியது எட்டு வயதுச் சிறுவன். ஐந்து வயது ஆகும் வரை ராணிக்குக் குழந்தைகள் மட்டுமே என்று தாத்தா முடிவு செய்திருந்தார். ஏரிக்கரையில் மூடுபனி இறங்கி மழை தூறியது. படகுத்துறை அருகே ஒருவர் பெரிய கறுப்புக் குடையைப் படாரென்று விரித்தார். எங்களுக்கு நெஞ்சு நின்றுவிட்டது. ராணி ஒரு காதை மட்டும் அந்தப் பக்கம் திருப்பியது. பிறகு காதை முன்னுக்குக் கொண்டுவந்து, தாத்தாவின் பின்னால் நடையைத் தொடர்ந்தது. அந்தச் சிறுவன் ஏரியில் இருந்த வாத்துகளைப் பார்த்துக்கொண்டு போனான். நடந்தது ஒன்றும் அவனுக்குத் தெரியாது.

தோழியரே! நீங்கள் மலைக்கு வந்தால் குதிரைச் சவாரி செய்யுங்கள். ஆனால் ஏறுமுன் அதன் முதுகில் புண் உண்டா என்று பாருங்கள், உங்கள் எடையை எண்ணிப் பாருங்கள், பின்புறமாக நெருங்காதீர்கள், பெரியவர் துணையின்றி இளங்குதிரையை அணுகாதீர்கள். அது அமைதியாக நின்றால், அதற்குப் பின்னால் யாரோ ஒருவர் மாதக்கணக்கில் பொறுமையாக உழைத்திருக்கிறார் என்பதை மறவாதீர்கள்.

மழை நாளில் குடை விரிக்கும்போது நாங்கள் இப்போதும் ஒரு முறை சுற்றிலும் பார்த்துக்கொள்கிறோம்.