குழல்வாய் நோக்கும் திசை

.22 அங்குலத் துப்பாக்கியின் குண்டு ஏறத்தாழ 2.6 கிராம் எடையே உடையது. நொடிக்கு 330 மீட்டர் விரைவில் குழலை விட்டு நீங்கும்போது அதன் இயக்க ஆற்றல் 140 ஜூல். சாய்த்து மேல்நோக்கிச் சுட்டால் தடையில்லாத வெளியில் ஒன்றரைக் கிலோமீட்டர் வரை செல்லும். மும்பையின் தாராவிப் பகுதியின் மொத்தப் பரப்போ இரண்டு சதுரக் கிலோமீட்டருக்குச் சற்றே மிகுதி. தொண்ணூறடிச் சாலையில் தவறிக் கிளம்பும் ஒரு குண்டு மாட்டுங்கா எல்லையையும் கடந்துவிடக்கூடும். ஆளில்லாத திசை என்று ஒன்று இந்நகரில் இல்லை. திருமண வீடுகளில் வானை நோக்கிச் சுடுவோரை 2019இன் சட்டத்திருத்தம் ஈராண்டு வரையிலான சிறைக்கு உட்படுத்தியது முற்றிலும் தகும்.

மாட்டுங்கா, செம்பூர்ப் பக்கத்து மாணவர் பலர் துப்பாக்கியை முதன்முதல் தொடுவது தேசிய மாணவர் படையில்தான். துப்பாக்கி சுடும் வீராங்கனை அஞ்சலி பாகவத்தும் அவ்வழியே வந்தவர். வொர்லியிலுள்ள மகாராட்டிர ரைபிள் சங்கக் களத்தில் சஞ்சய் சக்கரவர்த்தியிடம் பயின்று, 2000இல் சிட்னி ஒலிம்பிக்கின் இறுதிச்சுற்றை எட்டினார்.

நல்ல பயிற்சியில் சுடுதல் பிந்தியே வரும். முதற்பாடம், குழல்வாய் எப்போதும் இலக்குப் பக்கமே நோக்குவது. அடுத்தது விரல். திடுக்கிடும்போது மனிதக் கை தானே இறுகும். ஒரு கை எதையேனும் இறுகப் பற்றினால் மறுகை விரல்களும் உடன் சுருங்குவதுண்டு. மனவுறுதியால் இதை வெல்ல இயலாது. எனவே சுடும் கணம் வரை விரல் விசைக்கு வெளியே, கட்டையை ஒட்டி நீண்டிருக்க வேண்டும். தோட்டாப்பெட்டியைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி வெறுமையாகிவிட்டது என்று கருதுவதே பெரும்பிழை. ஒரு தோட்டா உள்ளறையில் தங்கியிருக்கலாம். அறையைத் திறந்து கண்ணால் பார்த்து, சுண்டுவிரலாலும் தடவி உறுதி செய்வர். விசையை இழுத்தும் வெடிக்காத தோட்டா சில நொடி தாழ்ந்து வெடிப்பதுண்டு. அரை நிமிடமேனும் குழலை இலக்கிலிருந்து திருப்பலாகாது.

சிறுவர்க்குக் காற்றுத் துப்பாக்கி. அதன் 4.5 மில்லிமீட்டர் ஈயக்குண்டின் ஆற்றல் 7.5 ஜூல் அளவே. எனினும் கண்ணைக் குருடாக்க அது போதும். ஈயத்தூளோ ஓசையின்றித் தீங்கு செய்வது. வளரும் உடல் ஈயத்தை மிகுதியாக உறிஞ்சும். களத்தை விட்டு வந்ததும் கைகழுவாமல் வடாபாவைத் தொடக்கூடாது.

2016ஆம் ஆண்டின் படைக்கல விதிகள், உரிமம் கேட்போர் பாதுகாப்புப் பயிற்சி முடித்த சான்று காட்ட வேண்டும் என்கின்றன. உரிமம் பெற 21 அகவை நிறைய வேண்டும். இலக்குச்சுடும் பயிற்சிக்கு 12 போதும்.

பிள்ளையைச் சேர்க்க எண்ணும் பெற்றோர், பணம் கட்டுமுன் புதியவர்க்கான முதல்நாள் வகுப்பைப் பின்னால் நின்று பாருங்கள். மேற்சொன்ன எதையும் கற்பிக்காமல் முதல் நாளிலேயே குண்டை நிரப்பிக் கொடுக்கும் பயிற்றுநரிடம் உங்கள் பிள்ளையை ஒப்படைக்காதீர்கள்.